அடுத்த அடி விழும்வரை

சோதன்குலா ராணுவ முகாம்,
18 அக்டோபர் 1992

அன்புள்ள ஹில்க்கா அத்தைக்கு,

கிம்மோ எழுதுகிறேன். தலைமுடி போய்விட்டது, காது இரண்டும் விறைத்துவிட்டன, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? அப்பாவை மர ஆலையில் மறுபடி கூப்பிட்டார்களா? அம்மா எழுதினால் எல்லோரும் நலம் என்ற ஒரே வரியோடு நிறுத்திவிடுவாள். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் உள்ளதைச் சொல்வீர்கள்.

வந்த அன்றே சார்ஜென்ட், "வெளியில என்னடா பண்ணிக்கிட்டிருந்தே?" என்று கேட்டார். டிரம்ஸ் வாசிப்பேன் என்றேன். "ரொம்ப நல்லது. இங்க பெரிய பெரிய அண்டாவெல்லாம் சும்மா கிடக்கு" என்று சமையல்கட்டுக்கு அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை பட்டாணி சூப் அண்டாவை நான்தான் தேய்க்கிறேன்.

உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். அப்பா வேலையில்லாமல் பகல் முழுவதும் வீட்டில் இருப்பதால், இனி நம் கார் ஷெட்டில் என் குழுவின் யார்மோவும் எசாவும் கிடார் வாசிக்க முடியாது. நீங்கள் பழைய சாமான் கடை வைத்திருக்கும் அந்தப் பால் நிலையத்தில் அவர்களுக்கு ஓர் இடம் கொடுங்கள். என் டிரம்ஸ் ஷெட்டிலேயே பூட்டிக் கிடக்கட்டும்.

இன்னொன்று. ராணுவத்துக்குப் போன டிரம்மர் திரும்பி வரும்போது அவன் ஸ்டூலில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். நம் பக்கத்துக் குழுக்களில் இதை எத்தனை பார்த்துவிட்டேன். நான் ஜூனில் வருவேன். அதுவரை என் இடத்துக்கு எவனும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் வாசிப்பது தையல் இயந்திரத்தைத் தகரக் கூரையில் உருட்டிவிட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்வீர்கள். இருக்கட்டும். ஊரில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

மிளகாய்ப்பொடி இருந்தால் அனுப்புங்கள். சூப்புக்கு ருசி என்பதே இல்லை.

உங்கள்
கிம்மோ


ஈசால்மி,
1 நவம்பர் 1992

கிம்மோவுக்கு,

அத்தை எழுதுவது. குளிர் வந்ததும் முட்டி தன் வேலையைத் தொடங்கிவிட்டது. வாய் நன்றாக இருக்கிறது, ஆகவே வியாபாரம் நடக்கிறது. உன் அப்பாவை ஆலையில் கூப்பிடவில்லை, கூப்பிடவும் மாட்டார்கள். உன் அம்மா நலம் என்று எழுதியது பாதி உண்மை. அவள் மட்டும் நலம்.

ஊரில் கடைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. மூடுகிறவனிடம் வாங்கி, இன்னும் மூடாதவனிடம் விற்கிறேன். போன வாரம் ஒரு ரொட்டிக் கடையின் அடுப்பும் தட்டுகளும் வந்தன. இதில் எனக்குப் பெருமையுமில்லை, வெட்கமுமில்லை.

உன் நண்பர்களுக்குப் பால் காய்ச்சிய பெரிய கூடத்தைக் கொடுத்திருக்கிறேன். தரையிலிருந்து கூரை வரை வெள்ளை டைல்ஸ் ஒட்டியது. முதல் நாளே யார்மோ வந்து நின்றான்: "அத்தை, இங்க சத்தம் திரும்பத் திரும்ப வருது."

"வாடகை இல்லாத இடத்துல சத்தமாவது நிறைய வரட்டுமே" என்றேன்.

ஆனால் டிரம்ஸ் இல்லாமல் அவர்கள் வாசிக்கவில்லை, சண்டைதான் போட்டார்கள். அவன் முந்திவிட்டான் என்று இவன், இவன் பிந்திவிட்டான் என்று அவன். இப்படியே விட்டால் சலித்துப்போய், யாராவது ஒரு கெட்டிக்காரப் பையனை வெளியிலிருந்து கூட்டிவந்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் நானே ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். வயதான ஆள். கலைந்துபோன நடனக் குழு ஒன்றின் டிரம்ஸ் என் சரக்கில் கிடந்தது, அதை வைத்து வாசிக்கிறார். வேகம் வராது. உன் இடத்துக்கு ஆபத்தில்லாத ஆளாகப் பார்த்துத்தான் பிடித்தேன். கவலைப்படாதே.

மிளகாய்ப்பொடி இத்துடன் இருக்கிறது. சார்ஜென்டுக்கும் கொஞ்சம் கொடு, அண்டாவிலிருந்து விடுதலை கிடைக்கும்.

அன்புடன்
அத்தை


சோதன்குலா,
22 நவம்பர் 1992

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லாம் சுகம். இருமல் வந்து போய்விட்டது. மிளகாய்ப்பொடி வேலை செய்தது. அண்டாவை இப்போது வேறொருவன் தேய்க்கிறான். உங்களுக்கும் முட்டிக்கும் என் விசாரிப்புகள்.

வயதான ஆள், வேகம் வராது என்று படித்ததும் சிரித்துவிட்டேன். இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. யார்மோவும் எசாவும் ஒரு மாதத்தில் வெறுத்துப்போய் என் பெயரைச் சொல்லி அழுவார்கள். அழட்டும். மேல் கட்டிலில் படுக்கிற ரிஸ்தோ ஓவ்லுக்காரன், அவனும் கிடார் வாசிப்பவன். இதைக் கேட்டுவிட்டு, "உங்க அத்தையை நம்ம ராணுவத்துல தளபதியாப் போடணும்டா" என்றான்.

யார் அந்த ஆள்? பெயரை எழுதவில்லையே. தபால்காரர் ஹெய்க்கினனா? அவருக்கு அந்தக் காலத்தில் ஏதோ குழு இருந்ததாக அப்பா சொல்வார். அல்லது மாதாகோவில் ஆர்கன் வாசிப்பவரா?

உங்கள்
கிம்மோ


ஈசால்மி,
13 டிசம்பர் 1992

கிம்மோவுக்கு,

உன் இருமல் போனது அறிந்தேன். சளி மறுபடி பிடித்தால் வெங்காயத்தைப் பாலில் காய்ச்சிக் குடி. சுதந்திர நாளன்று ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். எதிர்வீட்டில் இந்த வருஷம் ஒன்றுதான். சம்பளம் மட்டுமல்ல, மெழுகும் சுருங்கிவிட்டது.

அந்த ஆள் ஹெய்க்கினன் இல்லை. ஹெய்க்கினனுக்குத் தாளம் இருந்தால் தபால் ஒழுங்காக வரும். ஆர்கன்காரரும் இல்லை. அவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஊரில் நாலு பேர் சிரிப்பார்கள் என்ற கூச்சம். உனக்குப் புரியும்.

ஆனால் நீ நினைத்தபடி பையன்கள் அழவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். முதலில் யார்மோ, "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று கத்திக்கொண்டே இருந்தான். அந்த ஆள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "வேகம் வேணும்னா பஸ்ஸைப் பிடிச்சுப் போப்பா. பெடலை மிதிக்கிற கால் எங்கிட்ட இதுதான் இருக்கு" என்றார். பிறகு எசாதான் கண்டுபிடித்தான். அந்தக் கூடத்தில் வேகமாக வாசித்தால் எல்லாம் ஒன்றாகக் குழைந்து கஞ்சியாகிவிடுகிறது. ஓர் அடி போட்டால், அது சுவர் சுவராகப் போய் விசாரித்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். அதற்குள் அடுத்ததைப் போடக் கூடாது. போட்டால் வருவதும் போவதும் வாசலில் முட்டிக்கொள்ளும்.

கிடார் கம்பிகளைத் தளர்த்தினார்கள். இன்னும் தளர்த்தினார்கள். இப்போது அது கம்பி மாதிரி இல்லை, படகு கட்டும் கயிறு மாதிரி தொங்குகிறது. ஒரு தடவை மீட்டினால் அலமாரியில் இருக்கிற ரொட்டித் தட்டெல்லாம் முனகுகிறது. யார்மோ முன்பு நாய் மாதிரி குரைப்பானே, இப்போது தரைக்கு அடியிலிருந்து யாரோ மெதுவாக மூச்சு விடுகிற மாதிரி பாடுகிறான். அந்த ஆள் ஏரிக்கரை நடனக் கூடங்களில் டாங்கோ வாசித்தவர், துக்கமான மெட்டெல்லாம் அவருக்குப் பழக்கம். ஆனால் டாங்கோவைவிட இது மூன்று மடங்கு மெது.

கேட்க ஒன்றும் மோசமில்லை என்று மட்டும் சொல்வேன். கேசட்டில் பதிந்திருக்கிறார்கள். கம்பளிக் காலுறையோடு அனுப்பியிருக்கிறேன். கிறிஸ்துமஸை நல்லபடியாகக் கொண்டாடு.

அத்தை


சோதன்குலா,
10 ஜனவரி 1993

அத்தைக்கு,

நலம். காலுறைக்கு நன்றி.

கேசட்டைப் போட்டோம். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ரிஸ்தோ, "டேய், பேட்டரி போயிடுச்சு" என்றான். கேன்டீனில் புதுப் பேட்டரி வாங்கி வந்து போட்டேன். அதே வேகம். ரிஸ்தோ வாக்மேனைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்: "பேட்டரி இல்லடா. உன் பேண்டுதான் போயிடுச்சு." அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் நிறுத்திவிட்டேன்.

இது எங்கள் இசை இல்லை. மூன்று வருஷம் கை தோல் உரிந்து நாங்கள் கட்டியதை அந்தக் கிழவர் இரண்டு மாதத்தில் சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஜூனில் நான் வந்து வாசிக்க என்ன இருக்கும்? அதுவும் இனி ஜூன் இல்லை. என்னைக் கார்ப்பரல் பயிற்சிக்கு எடுத்துவிட்டார்கள். செப்டம்பரில்தான் விடுவார்கள்.

அந்த ஆளை அனுப்பிவிடுங்கள். அவர் இல்லாமல் குழு சும்மா இருந்தால்கூடப் பரவாயில்லை. உங்களை நம்பித்தான் ஒப்படைத்தேன்.

கிம்மோ


சோதன்குலா,
28 பிப்ரவரி 1993

அன்புள்ள அத்தைக்கு,

நலம்தானா? உங்களிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. அம்மாவிடம் கேட்டேன், எல்லோரும் நலம் என்று எழுதியிருக்கிறாள். எனக்கு உதடு வெடித்திருக்கிறது, கால் கட்டைவிரல் நகம் ஒன்று போய்விட்டது, மற்றபடி குறையில்லை.

போன வாரம் ஸ்கீ என்ற சறுக்குப் பலகைகளில் நெடும்பயணம். கூடாரத்தையும் இரும்பு அடுப்பையும் ஏற்றிய சறுக்குவண்டியை இடுப்பில் கயிறு கட்டி இழுக்க வேண்டும். முதல் நாள் என் வழக்கப்படி வேகமாகக் கிளம்பினேன். மதியத்துக்குள் பனியில் குப்புற விழுந்து கிடந்தேன். சார்ஜென்ட் வந்து குனிந்து பார்த்து, "பஸ் பிடிக்கவா போறே? தள்ளு. வழுக்கிப் போ. நில்லு. அப்புறம் தள்ளு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே செய்தேன். தள்ளு. வழுக்கிப் போ. நில்லு. இரண்டாம் நாள், நான் பாதியில் நிறுத்திய அந்தக் கேசட் மண்டைக்குள் தானாக ஓடத் தொடங்கியது. ஒரே ஒரு கம்பி ஒலித்து, மங்கி, போயே போய்விட்டது என்று நினைக்கும்போது ஓர் அடி விழும். அது விழும் இடத்தில் என் கால் இருந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சறுக்குவண்டியின் கனம் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். கனம் தெரிந்தது. அது சரியாக இருந்தது.

முகாமுக்குத் திரும்பியதும் கேசட்டை முழுவதும் கேட்டேன். மூன்றாவது பாட்டுக்கு முன்னால் யாரோ மெதுவாக எண்ணுகிறார்கள். "ஒண்ணு. ரெண்டு. மூணு." நாலு வருவதற்குள் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சாமான் வாங்க வந்தவர் முன்னால் அடுப்பு வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து எண்ணிக் காட்டுகிற குரல். கோடை விடுமுறை முழுவதும் உங்கள் கடையில் நான் கேட்டு வளர்ந்த குரல்.

அந்த ஆள் ஏரிக்கரை நடனக் கூடங்களில் வாசித்தவர் என்று நம் வீட்டில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

அவரை அனுப்ப வேண்டாம். நான் கிழவர் என்று எழுதியதை அவரிடம் சொல்லியிருந்தால், மன்னிப்பும் கேட்டதாகச் சொல்லுங்கள். முட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள்
கிம்மோ


ஈசால்மி,
14 மார்ச் 1993

அன்புள்ள கிம்மோவுக்கு,

அந்த ஆளிடம் சொன்னேன். முட்டி பரவாயில்லையாம். கிழவர் என்றதற்குக் கோபமில்லையாம், மோசமான சொற்களும் கேட்டிருக்கிறாராம். நீ வெறும் வெள்ளரி ஊறுகாயும் ரொட்டியும் தின்றுகொண்டிருப்பதாக உன் அம்மா சொல்கிறாள். மீன் பணியாரம் அனுப்பியிருக்கிறேன்.

நான் எழுதாததற்குக் காரணம் கேட்டால் சொல்லிவிட வேண்டியதுதான். உன் ஜனவரிக் கடிதம் வந்த அன்று அந்த ஆள் குச்சிகளைத் துடைத்து என் விற்பனை அலமாரியில் வைத்துவிட்டார். பையன்களிடம், "ஒப்படைச்சவன் திருப்பிக் கேட்டுட்டான்" என்றார். மறு வாரம் ஒரு பள்ளி ஆசிரியர் வந்து, டிரம்ஸும் குச்சியும் சேர்த்து என்ன விலை என்று கேட்டார். விலை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷ வியாபாரத்தில், செத்துப்போன என் புருஷனின் கடிகாரத்துக்குக்கூட நான் விலை சொல்லியிருக்கிறேன். ஆசிரியர் பயந்துபோய் ஒரு வாளி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த நிலையில் உனக்கு என்ன எழுதுவது?

இதற்கிடையில் பையன்கள் அந்தக் கேசட்டை உலகம் முழுவதும் அனுப்பிவிட்டார்கள். இந்த இசைக் கூட்டத்தின் வியாபார முறையை இப்போதுதான் பார்க்கிறேன். ஒரு கேசட் அனுப்பினால் ஒரு கேசட் வர வேண்டும். பணம் என்று பேசினால் அவமானம். தபால்தலை மேல் பசை தடவி அனுப்புகிறார்கள். வாங்கினவன் முத்திரையைக் கழுவிவிட்டு அதே தபால்தலையைத் திருப்பி அனுப்புகிறான். தபால் துறைக்கு இது தெரியாத வரைக்கும் நான் இதைப் பாராட்டுகிறேன்.

மெக்சிகோவிலிருந்து எழுதியிருக்கிறார்கள், ஜப்பானிலிருந்து எழுதியிருக்கிறார்கள். டெத் மெட்டல் என்கிற உங்கள் அதிவேக இசையை இவ்வளவு மெதுவாக யாரும் வாசித்துக் கேட்டதில்லை, இதற்கு என்ன பெயர் என்று ஒருவன். சவ ஊர்வலத்துக்குப் பின்னால் நடப்பது போல் இருக்கிறது என்று இன்னொருவன், அதைப் பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறான். ஹாலந்தில் ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனி, ஆகஸ்டில் பதிவு செய்யலாமா, பிறகு அந்தப் பக்கம் வந்து வாசிக்கலாமா என்று கேட்கிறது. ஒரு நிபந்தனை: டிரம்ஸ் இதே ஆள்தான் வாசிக்க வேண்டும்.

நான் பதில் எழுதச் சொன்னேன்: பதிவு அக்டோபரில்தான், டிரம்ஸுக்கு உரிமையுள்ளவன் செப்டம்பரில் வருகிறான், அவன்தான் வாசிப்பான். கம்பெனிக்குப் பிடிக்காவிட்டால் விலகட்டும். உன் ஸ்டூல் உன்னுடையது. அந்த ஆள் எழுந்துகொள்வார்.

அத்தை


சோதன்குலா,
9 மே 1993

அன்புள்ள அத்தைக்கு,

நானும் என் புது நகமும் நலம். மே தின விடுப்பில் வந்தபோது நீங்கள் குவோபியோவில் ஏலத்துக்குப் போயிருந்தீர்கள். வேண்டுமென்றே போனீர்கள் என்று அப்பா சொன்னார். அவருக்கு முகம் தெளிந்திருக்கிறது. உங்கள் லாரியைப் பழுது பார்ப்பதாகச் சொன்னார், ஏதோ மந்திரியானது போல.

பால் நிலையத்துக்குப் போனேன். அந்த ஆளின் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து அந்த மூன்றாவது பாட்டை வாசித்தேன். நிறுத்தச் சொன்னார்கள். மறுபடி வாசித்தேன்.

"இன்னும்" என்றான் யார்மோ.

"என்னடா இன்னும்?"

"இன்னும் காத்திரு."

"எவ்வளவு நேரம்டா? ரெண்டு அடிக்கு நடுவுல ஒரு காபி குடிச்சிட்டு வந்துடலாம் போலிருக்கு."

"குடிச்சிட்டு வா. அப்பவும் சீக்கிரம் வந்துடுவே."

எசா ஆறுதல் சொல்ல வந்தான். "உன் மேல தப்பில்லடா. உங்க அத்..." என்று தொடங்கி, பெரிதாக இருமி, "அந்த ஆளு" என்று முடித்தான். உங்களுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

"அந்த ஆளு எப்படிடா பண்றாரு?" என்று கேட்டேன்.

"அவரு ஒண்ணும் பண்றதில்ல. அதான் விஷயம். அடிச்சிட்டு, பேசாம உட்கார்ந்திருக்காரு. கூடம் வாயை மூடினதும் அடுத்தது."

சாயங்காலம் வரை முயன்றேன். வேகமாக வாசிக்கச் சொன்னால் இந்த மாகாணத்தில் என்னை எவனும் தொட முடியாது. ஆனால் என் கை, அடிக்கு அடி, கொஞ்சம் முன்னாலேயே விழுந்தது. ஒவ்வொரு தடவையும். அவர்கள் நல்ல நண்பர்கள், ஒவ்வொரு தடவையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

அக்டோபர் வேண்டாம். கம்பெனி கேட்டபடி ஆகஸ்டிலேயே பதிவு செய்யுங்கள். அந்த ஆளே வாசிக்கட்டும். இடத்தை நான் சந்தோஷமாகக் கொடுக்கிறேன்.

கிம்மோ


ஈசால்மி,
23 மே 1993

கிம்மோ,

உன் கடிதம் கிடைத்தது. நான் ஏலத்துக்கு வேண்டுமென்றேதான் போனேன். ஒரு தராசு வாங்கி வந்தேன், அதுவும் உடைசல். உடம்பு சௌகரியம்.

அந்த ஆள் நான்தான். உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இனி இரண்டு பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டு பேச வேண்டாம், எனக்குக் கை வலிக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு கோடை வாசித்தேன். பிறகு கடை. அவ்வளவுதான், அழுகிற கதை எதுவும் இல்லை.

மருத்துவமனையிலிருந்து முட்டி அறுவைக்கு நாள் கொடுத்துக் கடிதம் வந்தது. பையன்கள் இரண்டு பேரும் கேக்கோடு வந்து உட்கார்ந்தார்கள். ஒரு துண்டு தின்றுவிட்டு யார்மோ மெதுவாகக் கேட்டான்: "முட்டி சரியாயிட்டா, அத்தை... வேகம் வந்துடுமா?" நான் சிரித்த சிரிப்பில் காபி மூக்குக்கு ஏறிவிட்டது. நாளைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். ஐம்பத்தைந்து வயசில் என் ஊனத்துக்கு இப்படி ஒரு கிராக்கி வரும் என்று யார் நினைத்தார்கள்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சந்தோஷமாகக் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். தானமாக வருகிற பொருளை நான் கடைக்குள் விடுவதில்லை. கொடுத்தவன் பிறகு அடிக்கடி வந்து, அதையே பார்த்துக்கொண்டு நிற்பான். எனக்கு வாசிக்க ஆசை. ரொம்ப ஆசை. அதனால்தான் கேட்கிறேன்: உனக்கு முடியாததால் கொடுக்கிறாயா, அத்தை என்பதால் கொடுக்கிறாயா, வேண்டாததால் கொடுக்கிறாயா? உள்ளதை எழுது. நீ எழுதுவதைப் பொறுத்துத்தான் கம்பெனிக்குப் பதில்.

ஹில்க்கா அத்தை


சோதன்குலா,
20 ஜூன் 1993

அன்புள்ள அத்தைக்கு,

கொசுக்கள் தின்றது போக மீதி நலம். நடுக்கோடைத் திருநாளுக்கு இங்கே மீன் சுட்டுத் தருவார்கள் என்கிறார்கள். நீங்கள் ஏரியில் இறங்கும்போது முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். அவற்றில் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன்.

உள்ளது இதுதான். எனக்கு எரிச்சல் இருந்தது. உங்கள் மேல் இல்லை என்றால் பொய். மூன்று வருஷம் நான் வாசித்தபோது எவனும் மெக்சிகோவிலிருந்து எழுதவில்லை. திரும்பி வந்தால் யார்மோவும் எசாவும் ஹாலந்தில் இருப்பார்கள், நான் அப்பாவோடு சமையலறையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்ற பயமும் இருந்தது. ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பயம்தான்.

ஆனால் அந்த இசை எனக்குக் கேட்கப் பிடிக்கிறது, வாசிக்கப் பிடிக்கவில்லை. கூடம் வாயை மூடும்வரை காத்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். எனக்கு வியர்க்க வேண்டும். ரிஸ்தோவும் நானும் இங்கே கிடைக்கிற நேரத்தில் வாசிக்கிறோம், அவன் கிடார், நான் அதே பழைய அண்டாக்கள். சார்ஜென்ட் கதவைத் திறந்து, "நாய்க்கூட்டம் மாடிப்படியில உருள்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமல் போனார். முதல் பாராட்டு.

ஆக, இது தானமில்லை, பண்டமாற்று. நீங்கள் ஸ்டூலை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பால் நிலையத்தின் பின்னால் இருக்கிற உங்கள் ஐஸ் கிடங்கு வேண்டும். அதன் சுவர் மரம், உள்ளே மரத்தூள். வேகமாக வாசித்தாலும் கஞ்சியாகாது. செப்டம்பரில் ரிஸ்தோ என்னோடு வருகிறான், அவனுக்கும் ஓவ்லுவில் வேலையில்லை. நீங்கள் ஊர் சுற்றும்போது கடையை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம். விலை சொல்லாமல் நான் யாரையும் வெறும் வாளியோடு அனுப்பிவிட மாட்டேன்.

சம்மதமா?

உங்கள்
கிம்மோ


உட்ரெக்ட், ஹாலந்து,
7 நவம்பர் 1993

அன்புள்ள கிம்மோவுக்கு,

அத்தை எழுதுவது. வேனில் உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி பூசணிக்காயாக இருக்கிறது. எசா தினமும் ஐஸ் வாங்கி வந்து கட்டுகிறான், மருமகள்கூட இப்படிச் செய்ய மாட்டாள். இங்கே ரொட்டி பஞ்சு, காபி தண்ணீர். வேறு குறையில்லை. நீ, உன் அப்பா, அம்மா, அந்த ஓவ்லுப் பையன் எல்லோரும் நன்றாகச் சாப்பிடுங்கள். குழாய்கள் உறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி முகவரிக்கு நீ போட்ட கடிதம் வந்தது. பால் கடையும் இயந்திரத்தை அந்த விலைக்குக் கொடுத்தது சரிதான். நானாக இருந்தால் வாங்கினவருக்குக் காபி கொடுத்திருக்க மாட்டேன், அவ்வளவுதான். ஐஸ் கிடங்குச் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல வந்த எதிர்வீட்டுக்காரருக்கு உன் அப்பா ஒரு ஜோடி காதடைப்பான் விற்றார் என்று படித்தேன். என் தம்பி பிழைத்துக்கொள்வான்.

இங்கே ஒரு பத்திரிகைக்காரப் பையன் பேட்டிக்கு வந்தான். யார்மோ மொழிபெயர்த்தான். "இவ்வளவு மெதுவா வாசிக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு? உங்க ஊரோட இருட்டா, பனியா, மரண பயமா?" முட்டி என்று சொல்ல வாயெடுத்தேன். பேனாவைப் பிடித்தபடி அவன் காத்திருந்த முகத்தைப் பார்த்தேன். பிறகு, "மூணும்தான்" என்றேன். யார்மோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. பையன் பக்கம் பக்கமாக எழுதினான். வாடிக்கையாளர் கேட்கிற நிறத்தில் சரக்கு இருக்கிறது என்று சொன்னால் அவருக்கும் சந்தோஷம், நமக்கும் நஷ்டமில்லை.

முதல் கச்சேரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். உனக்கு மட்டும் சொல்கிறேன். நடுவில் எல்லாவற்றையும் கெடுத்துவிட இருந்தேன். அந்தக் காலத்து நடனக் கூடத்தில் ஒரு ஜோடியும் எழுந்து ஆடவில்லை என்றால் திட்டு டிரம்ஸ்காரருக்குத்தான். குழுத் தலைவர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், உடனே வேகத்தை ஏற்றுவோம். என் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இங்கே கூடம் நிறையக் கறுப்புச் சட்டைகள். முதல் பாட்டு பாதிக்கு வந்துவிட்டது, ஒருவர் காலும் அசையவில்லை. பிடிக்கவில்லை, போகப் போகிறார்கள் என்று நினைத்தேன். கை தானாக வேகத்தை ஏற்றக் கிளம்பிவிட்டது.

அப்போது முன் வரிசையில் ஒருவனைப் பார்த்தேன். மீன் வெட்டுகிறவன் கை மாதிரி பெரிய கைகள், தாடி, கண் மூடியிருந்தது. தாடையைக் கொஞ்சம் தூக்கி, என் அடுத்த அடி எங்கே விழப்போகிறதோ அங்கே முகத்தைக் கொடுத்து வைத்திருந்தான். பக்கத்தில் பார்த்தேன், அடுத்தவனும் அப்படித்தான். கூடம் முழுவதும் அப்படித்தான்.

ஆறு கோடை முழுக்க எனக்கு முன்னால் ஆயிரம் பேர் ஆடினார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்காக யாரும் நின்றதில்லை.

கையை அடக்கினேன். கிடார் மங்கிக்கொண்டே போனது, சுவர்களும் பேசி முடித்தன. அடி விழ வேண்டிய இடம் வந்தது. அதையும் வேண்டுமென்றே கொஞ்சம் கடக்க விட்டேன். யாரும் நகரவில்லை.

உன்
ஹில்க்கா அத்தை